தவிட்டுக்கு வாங்கிய கொப்னெட்

ஜனவரி 18, சனி

இந்த நோட்டை நர்ஸ் ஷினேட் கொடுத்தாள். குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் இந்த ஆஸ்பத்திரியில் ஒன்று கொடுப்பார்களாம். தினமும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுத வேண்டுமாம், பிள்ளை வளர்ந்து படித்துப் பார்க்குமாம். நானும் நர்ஸ்தான். இதே அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. எந்த நோயாளிக்கு எதற்காக எதைக் கையில் கொடுக்கிறோம் என்று எனக்குத் தெரியாதா? கை சும்மா இருந்தால் அழுவார்கள் என்றுதான் கொடுக்கிறோம். சரி, எழுதித் தொலைக்கிறேன். ஆனால் பிள்ளைக்கு எழுத மாட்டேன். எனக்கு எழுதிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் பிறந்தாள். பெண். ஏழு மாதம்கூட முடியவில்லை, ஒரு கிலோ எடைகூட இல்லை. வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். பாண்டி அத்தான் கண்ணாடிப் பெட்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உன்ன மாதிரியே முறைக்கா" என்றார். கண் திறக்காத பிள்ளை எப்படி முறைக்கும்? கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் இப்படித்தான், பயம் வந்தால் வேடிக்கை பேசுவார்.

நான் போகவில்லை. தையல் வலிக்கிறது.

ஜனவரி 19

பால் எடுக்கும் மெஷினோடு காலையெல்லாம் மல்லுக்கட்டினேன். ஒரு ஸ்பூன் வந்தது. அதைக் கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினாள் ஷினேட்.

ஜனவரி 21

சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். பார்த்தேன். மூக்கில் குழாய், தொப்புளில் குழாய், தலையில் யாரோ பின்னிக் கொடுத்த சின்னக் கம்பளித் தொப்பி. பிள்ளையைவிட மானிட்டரைத்தான் அதிகம் பார்த்தேன். ஆக்சிஜன் எவ்வளவு, இதயத்துடிப்பு எவ்வளவு என்று கண் தானாகப் போகிறது. தொழில் புத்தி.

பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையில் 'உலகம்மாளின் குழந்தை' என்று என் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள், அட்டையில் எழுதி பூப்படம் ஒட்டலாம் என்று ஷினேட் கேட்டாள். பெயர் இல்லை என்றேன். யோசித்தாவது வைத்திருப்பீர்களே என்றாள். இல்லை என்றால் இல்லை, எத்தனை தடவை சொல்வது என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல பெண். அவளுக்கு என்ன தெரியும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் தென்காசியில் எனக்கு ஒரு மகன் பிறந்தான். வயிற்றில் இருக்கும்போதே பெயர் தேடித் தேடி வைத்தோம். சாவே இல்லாதவன் என்று பொருள் வரும் பெயர். வெள்ளித் தட்டில்கூட அதை வெட்டி வாங்கிவிட்டேன். இரண்டு நாள் இருந்தான். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

ஜனவரி 23

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளை அங்கேயே இருக்கிறாள். வீடு என்றால் கார்க் நகரத்துக்கு மேற்கே, மலைச்சரிவில், நோரா என்கிற அம்மாளின் வயலோரத்தில் இருக்கும் வாடகை வீடு. அத்தானுக்குப் பக்கத்துப் பால்பவுடர் பேக்டரியில் வேலை என்பதால் இங்கே வந்தோம். இந்தப் பகுதி ஆட்கள் தங்களுக்குள் இங்கிலீஷ் பேச மாட்டார்கள், தங்கள் ஐரிஷ் மொழியைத்தான் பேசுவார்கள். நோராவுக்கு வயது அறுபதுக்கு மேல். ஐந்து பிள்ளைகள், ஐந்தும் கல்லுக்குண்டுபோல இருக்கின்றன. ஒரு கிழட்டுக் குதிரை வைத்திருக்கிறாள். காரை ஓட்டினால் நமக்குக் குலை நடுங்கும். அத்தானுக்கு ஷிப்ட் என்பதால் இனி தினமும் அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் அத்தானின் அக்கா வள்ளிமயில் மதினி ஊரிலிருந்து போனில் வந்தாள். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடு என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. முந்தின பிள்ளை தவறிப் போயிருந்தால் அடுத்ததை வேறொருத்தியிடம் கொடுத்து, அவளிடம் ஒரு முறம் தவிடு வாங்கிக்கொள்வார்கள். அன்றிலிருந்து பிள்ளை வாங்கினவளுடையது. அவள்தான் பெயர் வைக்க வேண்டும், அதுவும் கேட்டவன் முகம் சுளிக்கிற பெயராக. பிச்சை, குப்பை, தவிட்டுமுத்து, இப்படி. ஆசையாய்ப் பெற்ற பிள்ளை என்றால் எமன் கண் வைப்பான், தவிட்டுக்குப் போன பிள்ளையை எவன் தேடி வருவான் என்று கணக்கு. வாங்கினவள் தன் பிள்ளை ஒன்றையும் பறிகொடுக்காதவளாக இருக்க வேண்டும். பிள்ளை தேறி நடமாட ஆரம்பித்த பிறகு பெற்றவள் அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரை பெற்றவள் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லவே கூடாது.

நான் நர்ஸுக்குப் படித்தவள் மதினி, என்னிடம் போய் இதையெல்லாம் சொல்லுதீங்களே என்று போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 25

ஆக்சிஜன் அளவைக் காலையில் கூட்டினார்கள். மதியம் இன்னும் கூட்டினார்கள். மூச்சுவிட மறந்து மறந்து போகிறாள். மானிட்டர் கத்துகிறது, ஷினேட் வந்து பாதத்தைச் சுண்டுகிறாள், பிறகு ஞாபகம் வந்ததுபோல ஒரு மூச்சு. பக்கத்து நாற்காலியில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம், நோராவின் குதிரைக்குத் தவிடு வைப்பார்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வயல் வழியே நோரா வீட்டுக்கு நடந்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

விற்றாயிற்று.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர முடியாதே, அதனால் அவள் தொப்பியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்தார் அத்தான். நோராவின் தொழுவத்தில் வைத்து நடந்தது. குதிரை தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது, தன் தவிடு போகிறதே என்று இருந்திருக்கும். நோரா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். தான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கேட்டாள். பிள்ளையைக் கொஞ்சக் கூடாது, இளக்காரமாகத்தான் பேச வேண்டும் என்று அத்தான் விளக்கினார். ஐந்தையும் அப்படித்தான் வளர்த்தேன், அது ஒன்றும் கஷ்டமில்லை என்றாள்.

ஒரு வாளியில் தவிட்டை அள்ளி என் கையில் கொடுத்தாள். நான் தொப்பியை அவள் கையில் வைத்தேன். இவ்வளவு சின்னதா என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் ஒரு மாதிரி ஆனது. உடனே திருத்திக்கொண்டு, இந்தக் கழுதைக்கு இது போதும் என்றாள். நல்ல வியாபாரி.

பெயருக்கு வந்தோம். நோரா பேசுவது இங்கிலீஷ், ஆனால் எழுதும்போது என் கைக்கு எங்கள் ஊர்ப்பேச்சுத்தான் வருகிறது.

"கேட்டதும் இந்தப் பிள்ளைக்கா இந்தப் பேருன்னு சொல்லணும், அப்படித்தானே?" என்றாள்.

"ஆமா. எவனுக்கும் ஆசை வரக் கூடாது."

கொஞ்ச நேரம் குதிரையின் பிடரியைச் சொறிந்துகொண்டே யோசித்தாள். பிறகு, "அப்ப கொப்னெட்" என்றாள்.

இது ஐரிஷ் பெண்களின் பழைய பெயராம். நோரா படிக்கும்போது இவர்கள் வகுப்பிலேயே நாலு கொப்னெட் இருந்தார்களாம். அதில் 'கொப்' என்பது இங்கிலீஷில் வாயைக் கேவலமாகச் சொல்கிற வார்த்தை, பையன்கள் கேலி செய்தே கொன்றுவிடுவார்களாம். அமெரிக்கா போனவர்கள் கப்பலிலிருந்து இறங்கின கையோடு டெபொரா, அபிகெயில் என்று மாற்றிக்கொண்டார்களாம். இந்தக் காலத்தில் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தால் தாய்க்கு மூளை பிசகிவிட்டது என்று நினைப்பார்களாம்.

இதைவிட வேறென்ன வேண்டும்? சரி என்றேன்.

ஜனவரி 28

அட்டையை மாற்றி எழுதச் சொன்னேன். ஷினேட்டின் பேனா பாதியில் நின்றது. நிஜமாகவா என்றாள். நிஜமாகத்தான் என்றேன். எழுதினாள். பூப்படமும் ஒட்டினாள்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று விசாரிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு அரிப்பு. ஒரு ஐரிஷ் டாக்டரைக் கேட்டேன். கொல்லன் என்பதற்கான பழைய வார்த்தையிலிருந்து வந்தது, இரும்படிக்கிற வீட்டுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நோயாளிகளைப் பார்க்க வரும் பாதிரியார், பறவையின் அலகு என்றும் சிலர் சொல்வார்கள், யாருக்கும் நிச்சயமில்லை என்றார். ஷினேட், தேனீக்களுக்கு ஒரு புனிதை இருந்தாள், அவள் பெயர் என்பதோடு சரி, அதற்கு மேல் தெரியாது என்றாள்.

திரும்பி வரும்போது காரில் நோராவைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புனிதை இவர்கள் மலையில்தான் இருந்தாளாம். சொந்த வீட்டுப் பகைக்குத் தப்பி முதலில் ஒரு தீவுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே தேவதூதன் வந்து, உன் இடம் இதுவல்ல, ஒன்பது வெள்ளை மான் மேய்கிற இடத்தில்தான் நீ தங்க வேண்டும் என்றானாம். நடந்திருக்கிறாள். ஒரு ஊரில் மூன்று மான், இன்னொரு ஊரில் ஆறு, இந்த மலையில் ஒன்பது. இங்கேயே இருந்துவிட்டாள். மாடு திருட வந்தவர்கள்மேல் தேனீயை ஏவிவிட்டாள், நோயாளிகளுக்குத் தேனால் வைத்தியம் பார்த்தாள். ஊர் ஊராகக் கொள்ளைநோய் வந்தபோது கம்பை எடுத்துக்கொண்டு போய் எல்லையில் ஒரு கோடு கிழித்தாளாம். நோய் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதாம்.

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 31

தேறிவருகிறது. ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்கள், குழாய் வழியே பால் கொடுக்கிறார்கள். என் பால்தான்.

பிள்ளையைச் சட்டையில்லாத நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்காருங்கள் என்று ஷினேட் தினமும் கேட்கிறாள். தாயின் சூடு பட்டால் பிள்ளைக்கு மூச்சு சீராகும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். சளி பிடித்திருக்கிறது என்றேன். நேற்று தையல் என்றேன். அதற்கு முன்னால் என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது. பெட்டியின் ஓட்டையில் கையை விட்டாவது தொடலாமே என்றாள். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன், பிறகு மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வழக்கம் என்றால் வழக்கம். அடுத்தவள் பிள்ளையை நான் எதற்குத் தொட வேண்டும்?

அத்தானுக்கு அந்த ரோஷமெல்லாம் இல்லை. தினமும் ஷிப்ட் முடிந்து வந்து, கரடி நெஞ்சில் அவளைப் போட்டுக்கொண்டு பால்பவுடர் பேக்டரி வம்பையெல்லாம் அவளிடம் சொல்கிறார். அவளும் கேட்டுக்கொண்டு தூங்குகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 2

ஊரிலிருந்து மதினி போனில் கேட்டாள், பேர் என்ன வைத்திருக்கிறாள் அந்த வெள்ளைக்காரி என்று. சொன்னேன். கேட்டுவிட்டு, நல்லா அசிங்கமாத்தான் இருக்கு என்று சந்தோஷப்பட்டாள்.

பிப்ரவரி 3

என் புருஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

உன் மனைவி ஏன் பிள்ளையைத் தொடுவதே இல்லை என்று ஷினேட் அவரிடம் கேட்டிருக்கிறாள். என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்து இவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: அவள் தப்பில்லை, பிள்ளை இப்போது எங்களுடையது இல்லையே, நோராவிடம் விற்றுவிட்டோம், ஒரு வாளித் தவிட்டுக்கு.

ஷினேட் சிரிக்கவில்லையாம். குறித்துக்கொண்டாளாம்.

நாளைக் காலையில் ஆஸ்பத்திரியின் சோஷியல் ஒர்க்கர், பிள்ளைக்கு வீட்டில் பாதுகாப்பு இருக்கிறதா என்று விசாரிக்கிற அம்மாள், எங்கள் இருவரையும் பார்க்க வேண்டும் என்று போன் வந்தது. நோராவையும். எங்கள் முதியோர் இல்லத்தில் இப்படி ஒரு போன் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் சமாசாரம் என்றால் இந்த நாட்டில் விளையாட்டே கிடையாது. என் நர்ஸ் பதிவு, விசா, எல்லாம் ஒரு பக்கம் போகட்டும். பிள்ளையை நம்மிடம் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால்?

நம்மிடம் என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன்.

பிப்ரவரி 4

அந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினாள். டீ கொடுத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

விற்றீர்களா? ஆமாம். எதற்கு? தவிட்டுக்கு. வேறு ஏதாவது கைமாறியதா? இல்லை. அத்தான் வழக்கத்தை விளக்கினார், வியர்த்து வழிந்துகொண்டு விளக்கினார். எமனை இங்கிலீஷில் சொல்லப்போய் ஏதோ கொலைகாரனைப் பற்றிச் சொல்வதுபோல ஆகிவிட்டது. நோராவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆமாம் வாங்கினேன், தொப்பியை எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன், வந்து சோதனை போடு என்று மேசையைத் தட்டினாள். காரியம் இன்னும் கெட்டது.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வழக்கம் எனக்குப் புரியுது. நான் கேக்கது ஒண்ணுதான். அந்தப் பிள்ளைக்கு நீங்க யாரு?"

சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஒரு வார்த்தை. இப்போதுதான் மூச்சு சீராகியிருக்கிறாள். வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லி, அது கேட்கக் கூடாதவன் காதில் விழுந்துவிட்டால்? டீயையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அத்தான் என் முழங்கையை இடித்தார். நான் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரிய கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம். அதுவரை நாங்கள் வரலாம், ஆனால் ஒரு நர்ஸ் கூடவே இருப்பாள். வெளியே வந்ததும் அத்தான் தனியாக முன்னால் நடந்துவிட்டார். நோராதான் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 6

வயிறு உப்பியிருக்கிறது. காலையில் கொடுத்த பால் பச்சை நிறத்தில் திரும்பி வந்திருக்கிறது. குடலுக்கு ஓய்வு கொடுப்போம் என்று பாலை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

ஷினேட் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் எத்தனை குடும்பங்களிடம் அப்படிக் கண்ணைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இதை டப்ளினுக்குப் போகும் வழியில், காரில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

காலையில் நானும் நோராவும் உள்ளே போனபோதே பெட்டியைச் சுற்றி ஆட்கள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. உடனே அறுவை செய்ய வேண்டும், அதுவும் டப்ளினில்தான் செய்ய முடியும், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். பிழைப்பாளா என்று கேட்டேன். முயற்சி செய்வோம் என்றார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்தது. இவ்வளவு சின்ன உடம்பு, வழியிலேயேகூடப் போய்விடலாம்.

சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார். பக்கத்தில் அந்த சோஷியல் ஒர்க்கரும் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு நிமிஷம் என்று வெளியே வந்து அத்தானுக்குப் போன் போட்டேன். பேக்டரிச் சத்தத்துக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"ஏட்டி உலகு, இப்ப மட்டும் வாங்காத. கும்பிட்டுக் கேக்கேன். இப்பப் போயி நம்ம பிள்ளைன்னு சொன்னா எப்படி? ஆபரேசன் முடியட்டும். நாளைக்கு வாங்கிக்கிடலாம்."

"நாளைக்கு அவ இல்லன்னா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பயம் எனக்கு இல்லாமலா? அவரைவிட எனக்குத்தான் அதிகம். இவ்வளவு நாளும் அந்தப் பயத்துக்காகத்தானே கையை மடியில் கட்டிவைத்திருந்தேன். ஆனால் வராந்தாவில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. இவள் போய்விட்டால், பெற்றவள் ஒரு தடவைகூடத் தொடாமல் போயிருப்பாள். 'மகளே' என்று ஒருத்தி கூப்பிட்டுக் கேட்காமல் போயிருப்பாள். அந்தப் பையனையாவது நான் தூக்கினேன். இரண்டு நாளும் கீழே விடாமல் தூக்கிவைத்திருந்தேன். இவளுக்கு அதுவும் இல்லை.

நோரா சுவரில் சாய்ந்து நின்றாள். போய், "எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

"இப்பவா? தேறின பிறகுதான்னு சொன்னீங்களே."

"போறதா இருந்தா எம்பிள்ளையாப் போகட்டும், நோரா. தவிட்டுக்கு வித்த பிள்ளையாப் போக வேண்டாம்."

நோரா கையை நீட்டினாள், விலை கொடு என்பதுபோல. தவிட்டுக்கு நான் எங்கே போவேன்? வாளி வீட்டில் கிடக்கிறது. பெற்றோர் உட்காரும் அறைக்குள் ஓடினேன். டீ வைத்திருக்கும் மேசையில் கோதுமை பிஸ்கட் ஒரு பாக்கெட் இருந்தது, தவிட்டோடு அரைத்த மாவில் செய்தது என்று மேலேயே போட்டிருந்தது. கிழித்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தேன்.

அவள் அதை அங்கேயே நின்று முழுவதும் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. தின்று முடித்துவிட்டு, "சரி. வித்துட்டேன். உம்பிள்ளைய எடுத்துக்கோ" என்றாள். "பேரையும் உன் இஷ்டம்போல மாத்திக்கோ."

உள்ளே போனேன். டாக்டரிடம், "நான் அவ அம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டேன். பேனாவைத் திறந்து கொடுத்தது சோஷியல் ஒர்க்கர்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை வேறு பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவினேன். இந்தத் தடவை மடியில் வைக்கவில்லை. ஓட்டை வழியாக உள்ளே விட்டு, அவள் உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். பிடித்தாள். பிறந்த பிள்ளை எதை வைத்தாலும் பிடிக்கும், அது வெறும் அனிச்சை என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போங்கடி நீங்களும் உங்கள் அனிச்சையும். என் மகள் என் விரலைப் பிடித்தாள்.

"ஏட்டி, நான்தான் உங்கம்மா. பயப்படாத, பின்னாலயே வாரேன்" என்றேன். குனிந்து இன்னும் என்னென்னவோ சொன்னேன், அழுகையில் எனக்கே விளங்கவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

ஆம்புலன்ஸில் தாய்க்கு இடமில்லை என்றார்கள். நோரா ஓட்டுகிறாள். வழியில் அத்தானை பேக்டரி வாசலில் ஏற்றிக்கொண்டோம், யூனிபார்மோடு நின்றார். பின்சீட்டில் உட்கார்ந்து என் தோளில் கை வைத்தார். வாங்கிட்டியா என்று மட்டும் கேட்டார். வாங்கிட்டேன் என்றேன். கையை எடுக்கவில்லை.

பிப்ரவரி 8

உயிரோடு இருக்கிறாள்.

கெட்டுப்போன குடலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டார்களாம். மிச்சம் நன்றாக இருக்கிறதாம். இன்னும் சில நாள் ஆபத்துத்தான், ஆனால் இந்தப் பிள்ளை பிடிவாதக்காரி என்று அறுவை செய்த அம்மாள் சொன்னாள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, முறைக்கும்போதே நினைச்சேன் என்றார்.

பிப்ரவரி 10

சோஷியல் ஒர்க்கர் போன் செய்தாள். தன் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டாளாம், அந்தக் கூட்டம் இனி தேவையில்லையாம். நன்றி சொன்னேன். அவள் போனை வைக்கத் தயங்கினாள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

பிப்ரவரி 11

இன்று அந்தப் புனிதையின் திருநாளாம். நோராவின் ஊர்க் கோயிலில் பழைய மரச்சிலை ஒன்றை வெளியே வைப்பார்களாம். ஜனங்கள் ஆளுக்கொரு ரிப்பன் கொண்டுவந்து சிலைக்கு நீளவாக்கிலும் சுற்றிலும் பிடித்து அளந்து எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் அந்த ரிப்பனை உடம்பில் வைப்பார்கள். நோரா ஒன்றை அளந்து எடுத்துக்கொண்டு, நாலு மணி நேரம் கார் ஓட்டி டப்ளினுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனாள். பெட்டிக்குள் வெளித்துணி கூடாது என்றார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே ஒட்டிவைத்திருக்கிறோம்.

அத்தான் காலையிலிருந்து பெயரைப் பற்றியே பேசுகிறார். பிள்ளையைத் திரும்ப வாங்கியாகிவிட்டது, இனி நல்லதாக ஒன்று வைக்கலாமே, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே, பதிவு செய்வதற்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று. செல்போனில் ஒரு பத்துப் பெயர் எடுத்துவைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் போட்டிருக்கிறது. வெளிச்சம், செல்வம், மகாலட்சுமி. பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மதியம் புதிதாக ஒரு நர்ஸ் டியூட்டிக்கு வந்தாள், டப்ளின்காரி, சின்னப் பெண். மருந்து மாற்ற வந்தவள் அட்டையைப் படித்துவிட்டு நின்றுவிட்டாள். முகத்தைச் சுளித்து, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் யாரோ பக்கத்துப் பெட்டிப் பிள்ளையின் தாய் என்று நினைத்திருப்பாள்போல. பாவம், இந்தப் பிள்ளைக்கு யார் இந்தப் பெயரை வைத்தது என்று என்னிடமே கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏன், பேருக்கு என்ன? எம்மக பேரு கொப்னெட். நான்தான் வெச்சேன்."

அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அத்தான் வாசலில் இரண்டு கையிலும் காபியோடு அப்படியே நின்றார். எம்மக என்று நான் சத்தம் போட்டுச் சொன்னதைக் கேட்டு அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவா, மெதுவா என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

மெதுவாவது ஒன்றாவது. எவன் காதில் விழ வேண்டுமோ விழட்டும். பெட்டிப் பக்கம் திரும்பி, ஓட்டைக்குள் கையை விட்டு, இன்னும் சத்தமாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.